பருத்திமார் பலிபீடம்

ஸ்ரீவில்லிபுத்தூர்
1903 ஜூன் 9

அண்ணனுக்குப் பரிபூரணம் எழுதுவது.

என் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போடாமல் பிரித்தீர்களே, அதற்கு முதலில் சந்தோஷம். வாசல் மிதிக்காதே என்றீர்கள். நாலு மாதமாக மிதிக்கவில்லை. எழுதாதே என்று சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

பருத்தி வண்டி சமுத்திரம் அண்ணாச்சியிடம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உள்ளே இரண்டு புத்தகங்கள். இரண்டும் சின்னப் பிள்ளைகளுக்கான வேதக்கதைப் படப்புத்தகங்கள். எங்கள் பள்ளிக்கூடத்துப் பாலர் வகுப்புக்கு இவற்றில் ஒன்றை எடுக்க வேண்டும். "நீதானே அந்தப் பிள்ளைகளோடு இருக்கிறாய், நீயே பார்த்துச் சொல்" என்று எங்கள் வெள்ளைக்கார மிசியம்மாள் என்னிடம் விட்டுவிட்டார்கள். சிறிய புத்தகம் சென்னையில் அச்சானது. கதைகள் முழுசாக, நல்ல தமிழில் இருக்கின்றன. படங்கள் மட்டும் கட்டைவிரல் பருமன், கறுப்பு மையில். பெரியது சீமையில் அச்சானது. பக்கத்துக்கு ஒரு வர்ணப் படம். அடியில் தமிழில் இரண்டு வரி அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். போதகர் ஐயா சிறியதைத்தான் எடுக்கச் சொல்கிறார். என் வகுப்பிலோ எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை.

என் மருமகள் கிருபையிடம் கொடுத்துப் பாருங்கள். காய்ச்சலில் காது போனதிலிருந்து இந்த ஆறு வருஷமாக அவளுக்குக் கண்தான் எல்லாம். யாரும் எதுவும் சொல்லாமல், வெறும் படத்தை வைத்து அவள் எந்தப் புத்தகத்தைத் திரும்பத் திரும்ப எடுக்கிறாள் என்று தெரிந்தால் எனக்குப் போதும். இது நிஜமாகவே நான் கேட்கும் உதவி. உங்களை வளைக்கச் செய்யும் தந்திரம் என்று நினைக்க வேண்டாம்.

பாளையங்கோட்டையில் காது கேளாத பெண்பிள்ளைகளுக்கு நடக்கும் பள்ளிக்கூடத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் பேசுவதில்லை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். பேசாமல் முடிக்க மனசு வரவில்லை. கிருபைக்கு எட்டு வயது. வயது நமக்காகக் காத்திருக்காது.

தங்கை
பரிபூரணம்


ராஜபாளையம்
1903 ஜூன் 15

தங்கச்சிக்குத் தவசிமுத்து எழுதிக்கொண்டது.

பொட்டலம் வந்து சேர்ந்தது. நனையவில்லை, கிழியவில்லை.

மாசி மாதம் நீ செய்ததை நான் மறந்துவிட்டதாக எண்ணாதே. நான் கிட்டங்கியில் பருத்தி நிறுத்துக்கொண்டிருந்த நேரத்தில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், என் பிள்ளையை வண்டியில் ஏற்றி உன் ஊருக்குக் கொண்டுபோனாய். சாயங்காலம் வந்து பார்க்கிறேன், தூண் மட்டும் நிற்கிறது. பெண்சாதியை வாந்திபேதிக்குக் கொடுத்து வருஷம் திரும்பாதவனுக்கு அந்த நேரம் எப்படி இருந்திருக்கும்? உன்னிடமிருந்து பிள்ளையைத் தூக்கி வந்தபோது நான் சொன்ன சொல் சொன்னதுதான்.

பிள்ளையை நான் தூணில் கட்டிப்போடுகிறேன் என்று அன்றைக்குத் தெருவே கேட்கக் கத்தினாய். ஆமாம், கட்டுகிறேன். கண்மாய்ப் பாதையில் பருத்தி வண்டியின் சக்கரம் அவள் பாவாடை ஓரத்தில் ஏறி நின்றதை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். வண்டிக்காரன் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறான். அவள் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள். சமையலுக்கும் அவளுக்குத் துணைக்குமாக முத்துப்பேச்சியை வைத்திருக்கிறேன். அவள் எத்தனை நேரம்தான் பின்னாலேயே ஓடுவாள்? நான் கயிற்றால் கட்டவில்லை. அவள் அம்மாவின் பழைய சேலையால், கணுக்காலில், புண்ணாகாதபடி கட்டுகிறேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவிழ்த்துவிடுகிறேன்.

புத்தக விஷயம். முத்துப்பேச்சி இரண்டையும் அவள் முன்னால் வைத்தாள். சிறியதை இரண்டு தாள் புரட்டிவிட்டு மூடிவிட்டாளாம். பெரியதை மடியை விட்டு இறக்கவில்லை. சோறு தின்னும்போதும் தொடைமேல் இருக்கிறது. பேழைக்குள் மிருகங்கள் ஏறும் படத்தைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் பக்கத்து வீட்டு ஆட்டு வியாபாரி பீர் மைதீன் ஆடுகளைப் பட்டிக்குள் அடைப்பதைப் பார்த்துச் சிரிக்கிறாள். என்ன கண்டு சிரிக்கிறாளோ. காது வழியாகப் போகாத கதை மனசுக்குள் வேறு எந்த வழியாகப் போகும்? நிறம் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

பாளையங்கோட்டைக்கு என் பதில் பழைய பதில்தான்.

தவசிமுத்து


ஸ்ரீவில்லிபுத்தூர்
1903 ஜூன் 18

அண்ணே,

பேழைப் படத்தைப் பார்த்தாள், ஆட்டுப் பட்டியைப் பார்த்துச் சிரித்தாள் என்று நீங்களே எழுதிவிட்டு, என்ன கண்டு சிரிக்கிறாளோ என்று என்னிடம் கேட்கிறீர்கள். பீர் மைதீன் பாயை அவள் அந்தப் பேழைப் படத்து நோவா ஆக்கிவிட்டாள் அண்ணே! அந்தத் தாடிக்கும் பொருத்தம்தான். வாசித்துவிட்டு நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கூட இருக்கும் டீச்சர் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பார்த்தாள்.

பெரிய புத்தகத்தையே எடுப்பது என்று மிசியம்மாளிடம் சொல்லப்போகிறேன். என் மருமகள்தான் தேர்ந்தெடுத்தாள் என்றும் சொல்வேன்.

மாசி மாதத்து விஷயம். உங்களைக் கேட்காமல் தூக்கிக்கொண்டு போனது தப்பு. அதை ஒத்துக்கொள்கிறேன். அவிழ்த்தது தப்பு என்று என் வாயால் வராது. மதினி உயிரோடு இருந்தால் அந்தச் சேலை எங்கே இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வண்டி பயம் எனக்கும் உண்டு. அதற்குக் கொல்லைப்புறத்தில் ஒரு வேலி போட்டு உள்ளே ஓடவிடலாமே. நீங்கள் சொன்னால் பத்து முள்கட்டு நான் வாங்கி அனுப்புகிறேன்.

அவள் இப்போது எந்தப் படத்தில் இருக்கிறாள்? எழுதுங்கள்.

பரிபூரணம்


ராஜபாளையம்
1903 ஜூன் 25

பரிபூரணம்,

எந்தப் படத்தில் இருக்கிறாள் என்று கேட்டாயே. சொல்கிறேன், கேள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கிட்டங்கியிலிருந்து வந்தேன். தூணடியில் உட்கார்ந்து புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவிழ்க்கலாம் என்று குனிந்தேன். பகலெல்லாம் இழுத்திருக்கிறாள் போலிருக்கிறது, முடிச்சு இறுகிவிட்டிருந்தது. சாக்குக் கயிறு அறுக்கும் சூரிக்கத்தி மடியில் இருந்தது. முடிச்சை அறுத்துவிட அதை எடுத்தேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள், கத்தியைப் பார்த்தாள். பிறகு அலறினாள் பாரு, அப்படி ஒரு சத்தம் அவள் தொண்டையில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. முத்துப்பேச்சி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். சேலையை எப்படியோ அறுத்துவிட்டேன். என் காலுக்கு இடையில் புகுந்து ஓடிப்போய்க் கொல்லையில் அடுக்கியிருக்கும் பருத்திமார்க் குவியலின் மேல் ஏறிக்கொண்டாள். விறகுக்குப் போட்ட காய்ந்த குச்சி, கையெல்லாம் கீறல். நான் கிட்டே போனால் இன்னும் மேலே ஏறுகிறாள்.

அன்றையிலிருந்து என் கையால் ஒரு வாய் சோறு வாங்கவில்லை. நான் உள்ளே வந்தால் முத்துப்பேச்சியின் முந்தானைக்குள் போய்விடுகிறாள். ராத்திரிக்கும் அவள் வீட்டுக்கே போய்ப் படுத்துக்கொள்கிறாள். கட்டவும் இல்லை, கட்ட அவள் கிட்டே வந்தால்தானே.

புத்தகம் தூணடியில் விரித்தபடி கிடந்தது. ஆபிரகாம் மகனைப் பலி கொடுக்க விறகின் மேல் கிடத்தி, கத்தியை ஓங்கிக்கொண்டு நிற்கும் படம். சின்னப் பிள்ளைகளுக்குப் போடுகிற படமா அது? ஒரு தாய் இல்லாத பிள்ளைக்குத் தகப்பனும் இல்லாமல் பண்ணிவிட்டது உன் சீமைப் புத்தகம். சமுத்திரத்திடம் இரண்டையும் திருப்பி அனுப்பிவிட்டேன். இனி எதுவும் அனுப்பாதே.

தவசிமுத்து


ஸ்ரீவில்லிபுத்தூர்
1903 ஜூன் 28

அண்ணே,

உங்கள் கடிதத்தை மிசியம்மாளிடம் காட்டினேன். அவர்களுக்கும் கண் கலங்கிவிட்டது. "அந்தத் தாளை எல்லாப் பிரதியிலும் வெட்டிவிடுவோம், இல்லையென்றால் சிறிய புத்தகத்தையே எடுப்போம்" என்றார்கள். நானும் கத்தரிக்கோலைக் கையில் எடுத்துவிட்டேன். வெட்டுவதற்கு முன்னால் இன்னொரு தடவை பார்ப்போம் என்று படத்தைப் பார்த்தேன். நீங்கள் எழுதியதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அந்தப் பையனைக் கட்டிப்போட்டிருக்கிறது.

கோபப்படாமல் வாசியுங்கள். கட்டிக்கிடக்கும் பிள்ளையை அவள் வேறு எங்கும் கண்டதில்லை. அவளுக்குத் தெரிந்த பிள்ளை அவள்தான். படத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தகப்பன் கத்தியோடு வந்து குனிகிறார். நீங்கள் அறுக்க வந்தது முடிச்சை என்று அவளுக்கு யார் சொல்வது? நிறம்தான் பிடித்திருக்கிறது என்றீர்களே, நிறத்தைப் பார்க்கிற பிள்ளையா இப்படி அலறும்? அவள் அந்தக் கதையை வாசித்துவிட்டாள் அண்ணே. நடுவில் இருக்கிற ஒரு பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டாள். முடிவு அவளுக்குத் தெரியாது. தாளை வெட்டினால் இனி வரும் பிள்ளைகள் பார்க்க மாட்டார்கள். அவள் பார்த்தாகிவிட்டது.

மற்றப் பிள்ளைகள் என்றால் மடியில் வைத்து, "பயப்படாதே, தேவதூதன் வந்து கையைப் பிடித்துக்கொண்டான்" என்று சொல்லிவிடலாம். இவளுக்கு வாயால் சொல்ல வழியில்லை. ஆகவே செய்துதான் காட்ட வேண்டும். முதலிலிருந்து கடைசி வரை, மலை, விறகு, கட்டு, கத்தி, தூதன், ஆட்டுக்கடா எல்லாவற்றையும். நீங்கள்தான் செய்ய வேண்டும்.

நான் ஓடி வந்துவிடுவேன், உங்கள் வாசல் எனக்குப் பெரிதில்லை. வந்தால் என்னைக் கட்டிக்கொள்வாள், என்னோடு வந்துவிடுவாள். அதோடு உங்களுக்கும் அவளுக்கும் முடிந்துபோகும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இங்கேயே இருக்கிறேன்.

பெரிய புத்தகத்தைச் சமுத்திரம் அண்ணாச்சியிடம் மறுபடி கொடுத்திருக்கிறேன். "ஏம்மா, நான் என்ன பருத்தி ஏத்துதேனா, உங்க புஸ்தகத்தை ஏத்துதேனா?" என்கிறார். திருப்பி அனுப்பினால் திரும்பவும் வரும்.

பரிபூரணம்


ராஜபாளையம்
1903 ஜூலை 6

தங்கச்சி பரிபூரணத்துக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் கிட்டங்கிக் கணக்கைத் தப்பும் தவறுமாக எழுதினேன். முதலாளி ராஜு, "உடம்பு சரியில்லையா கணக்கப்பிள்ளே, வீட்டுக்குப் போ" என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்தால் தூண் நிற்கிறது. அதில் சேலை உரசி உரசி ஒரு இடம் வழுவழு என்று ஆகியிருப்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

பீர் மைதீனிடம் போய் ஒரு கிடா வேண்டும் என்றேன். எதற்கு என்றார். படத்தைக் காட்டினேன். பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது எங்க இபுராகீம் நபி கதையில்லா! எங்களுக்கு மகன் பேரு இஸ்மாயீல். பேரு எப்பிடி இருந்தா என்ன, கத்தி கத்திதான், கெடா கெடாதான். கெடா நான் தாரேன். புள்ளையா யாரு படுக்கா?"

அதை நான் யோசிக்கவே இல்லை. அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "சரி, நானே படுக்கேன்" என்றார்.

முத்துப்பேச்சிக்குத் தூதன் வேலை. பெரிய வெள்ளைச் சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு வந்தாள். "கத்தியை ஓங்குனதும் நான் பின்னால வந்து கையைப் புடிக்கணும், அம்புட்டுத்தானே? செத்த நேரம் முந்திப் புடிச்சிட்டா ஒண்ணும் தப்பில்லையே? எனக்கே பயமா இருக்கு" என்றாள். சூரிக்கத்தியின் வாயைக் கல்லில் தேய்த்து மழுக்கினேன். பீர் மைதீன் வாங்கித் தடவிப் பார்த்து, "இன்னும் ரெண்டு தேய்ப்பு தேய்ங்க" என்று திருப்பிக் கொடுத்தார்.

சனிக்கிழமை சாயங்காலம், வெயில் தாழ்ந்த பிறகு தொடங்கினோம். கிருபை முத்துப்பேச்சி வீட்டுச் சுவருக்கு மேலே தலையை மட்டும் காட்டிக்கொண்டு நின்றாள். நான் ஒரு கட்டுப் பருத்திமாரை பீர் மைதீனின் முதுகில் ஏற்றி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தைச் சுற்றி நடந்தேன். ஆபிரகாம் மகனோடு மூன்று நாள் மலைக்கு நடந்த கணக்கு அது. அவர் சின்னப் பிள்ளை மாதிரி குட்டிக் குட்டி அடியாக வைத்து, நடுநடுவே என் முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தார். அடுத்த வீட்டு ராஜு சாதி அம்மாமார் சுவரோரம் வந்து, "ஏமி இதி, கணக்கப்பிள்ளே!" என்று தெலுங்கில் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நடந்தேன். முன்பென்றால் உள்ளே ஓடியிருப்பேன்.

பருத்திமாரை அடுக்கிப் பலிபீடம் செய்தேன். பீர் மைதீன் அதன்மேல் படுத்தார். குச்சியெல்லாம் முறிந்தது. "மெதுவாக் கட்டுங்க, எனக்கு இடுப்புப் புடிப்பு" என்றார். அவள் அம்மாவின் சேலையால்தான் கட்டினேன். வேறு துணி எடுக்கலாமா என்று யோசித்தேன். அந்தச் சேலையாக இல்லாவிட்டால் அவளுக்குப் புரியாது என்று தோன்றியது.

கத்தியை எடுத்தேன். படத்தில் இருப்பது போலவே ஓங்கினேன்.

பரிபூரணம், ஓங்கிய பிறகுதான் குனிந்து பார்த்தேன். கீழே ஒரு மனுஷன் கட்டுண்டு கண்ணை மூடிக் கிடக்கிறான், என் கையில் கத்தி. விளையாட்டு என்று தெரிந்தும் கத்தியை இன்னும் மேலே தூக்கிக்கொண்டேன். பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. முத்துப்பேச்சி வருவாள், வந்து கையைப் பிடிப்பாள் என்று நிற்கிறேன். அவள் சேலை தடுக்கி அங்கேயே நின்றுவிட்டாள்.

அவளுக்கு முந்திக் கிருபை வந்துவிட்டாள். சுவர் ஏறிக் குதித்து ஓடி வந்து, இரண்டு கையாலும் என் மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கினாள். போதாது என்று கடித்தாள். ரத்தம் வந்தது. கத்தியைக் கீழே போட்டேன்.

போட்டதும் அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் மெள்ளக் குனிந்து பீர் மைதீனின் கட்டை அவிழ்த்தேன். அவரைத் தூக்கி உட்கார வைத்துக் கட்டிக்கொண்டேன். அவர் அழுதுவிட்டார், நானும்தான். கிடா ஓரமாக நின்று எங்கள் பலிபீடத்தில் ஒட்டியிருந்த காய்ந்த இலையைத் தின்றுகொண்டிருந்தது. அதைக் கொம்பைப் பிடித்து இழுத்துவந்து நிறுத்தினேன்.

கிருபை உள்ளே ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தாள். படத்தின் மூலையில், புதருக்குள் இரண்டு கொம்பு. நான் அதைக் கண்டதே இல்லை, நீயும் எழுதவில்லை. அதில் விரலை வைத்தாள், கிடாவைக் காட்டினாள். ஆமாம் என்று தலையாட்டினேன். தாடிக்கார ஆபிரகாமைத் தொட்டு, என்னைத் தொட்டாள். பையனைத் தொட்டு, பீர் மைதீனைப் பார்த்துச் சிரித்தாள். கடைசியில் வானத்திலிருந்து கையை நீட்டும் தூதன்மேல் விரலை வைத்தாள். முத்துப்பேச்சியைக் காட்டுவாள் என்று பார்த்தோம். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

மீதிக் கதையில் மகனுக்குப் பதில் கிடா பலியாகும்; கிடாவை உத்தேசித்து அதைச் சொல்லாமல் விட்டோம். பீர் மைதீன் அதை ஓட்டிக்கொண்டு போகும்போது, "இதை இனி விக்கமாட்டேன்" என்றார்.

சேலையை அவள் தர மறுத்துவிட்டாள். மேலே போர்த்திக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். நாளைக்கு வேலி போட ஆள் சொல்லியிருக்கிறேன்.

உன் அண்ணன்
தவசிமுத்து


ஸ்ரீவில்லிபுத்தூர்
1903 ஜூலை 14

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை வாசித்தேன் என்று சொன்னால் வெட்கமாக இருக்கும். மணிக்கட்டுக்கு மஞ்சளும் நல்லெண்ணெயும் சூடாக்கிப் போடுங்கள்.

வெள்ளிக்கிழமை புத்தகக் கூட்டம் நடந்தது. பெரிய புத்தகம்தான் வேண்டும், ஒரு தாளையும் வெட்டக் கூடாது என்றேன். போதகர் ஐயாவுக்குப் பிடிக்கவில்லை. "உன் அண்ணன் மகளே பயந்து அலறினாள் என்றாயே, அம்மா. பிறகும் அதே புத்தகமா?" என்றார்.

"அவ தனியா உட்கார்ந்து பார்த்தா, பயந்தா. கூட ஆள் நின்னு முடிவு வரைக்கும் காட்டினாவ, தெளிஞ்சா. எந்தப் படத்தையும் பிள்ளைக கையிலே சும்மா கொடுத்துட்டுப் போகமாட்டேன். ஒவ்வொரு கதையையும் நடிச்சுக் காட்டுவேன்" என்றேன். பதட்டத்தில் நம் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

"வேதத்தைக் கூத்தாக்குவதா?" என்றார்.

ஆனாலும் உட்காரவில்லை. "கூத்துன்னா கூத்துதான் ஐயா. எங்க வீட்டுக் கொல்லையிலே ஒரு பிள்ளைக்கு அதுதான் தகப்பனைத் திருப்பிக் கொடுத்துது" என்றேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். பீர் மைதீன் பாய் இடுப்புப் பிடிப்போடு படுத்ததைச் சொன்னபோது மிசியம்மாள் கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டார்கள், சிரித்தார்களா அழுதார்களா தெரியவில்லை. பெரிய புத்தகமே எடுப்பதாக முடிவாயிற்று. எந்தத் தாய் தகப்பன் வந்து சண்டை போட்டாலும் நான்தான் பதில் சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டேன். நேற்று வகுப்பில் நான் சிங்கமாக நான்கு காலில் நடந்தேன், முழங்கால் இன்னும் வலிக்கிறது.

பாளையங்கோட்டைக்கு நான் எழுதியிருந்தேன். உங்களைக் கேட்காமல்தான் எழுதினேன். ஒரு இடம் இருக்கிறதாம். ஆகஸ்டு முடிவதற்குள் கொண்டுவந்து விடச் சொல்கிறார்கள். விரலாலும் உதட்டைப் பார்த்தும் பேசப் பழக்குகிறார்கள், எழுதப் படிக்கவும் சொல்லிக் கொடுக்கிறார்கள். இந்த முறை நான் தூக்கிக்கொண்டு ஓடமாட்டேன். நீங்கள் சொல்லுங்கள்.

பரிபூரணம்


ராஜபாளையம்
1903 ஜூலை 20

பரிபூரணத்துக்கு,

முடியாது.

கோபத்தில் எழுதவில்லை. இப்போதுதான் என் பிள்ளை எனக்குக் கிடைத்திருக்கிறாள். வேலிக்குள் நாள் முழுக்க ஓடுகிறாள். நான் கிட்டங்கியிலிருந்து வந்ததும் அன்றைக்கு நடந்ததையெல்லாம் நடித்துக் காட்டுகிறாள். முதலாளி ராஜு தொந்தியைத் தூக்கிக்கொண்டு நடப்பதை அப்படியே செய்கிறாள். தபால்காரர் செருப்பை உதறுவது, முத்துப்பேச்சி மீன்காரியோடு சண்டை போடுவது, எல்லாம். எனக்குப் புரிகிறது. நான் செய்வது அவளுக்குப் புரிகிறது. இதற்கு மேல் என்ன பள்ளிக்கூடம் வேண்டும்? முகம் தெரியாத ஊரில், முகம் தெரியாதவர்களிடம் எப்படி விட்டுவிட்டு வருவேன்?

தவசிமுத்து


ஸ்ரீவில்லிபுத்தூர்
1903 ஜூலை 23

அண்ணே,

அவள் பேச்சு புரிகிற ஆள் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் என்றால், உங்களுக்குப் பிறகு அவள் யாரிடம் பேசுவாள்?

இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

பரிபூரணம்


ராஜபாளையம்
1903 ஆகஸ்டு 27

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடைசிக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. எழுதவும் இல்லை, மறக்கவும் இல்லை. வந்த நாளிலிருந்து அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன்.

இந்த மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஆராதனை முடிந்து வந்த பிறகு, கிருபை என் எதிரே வந்து நின்றாள். என் நெஞ்சைத் தொட்டாள். தன் காதைத் தொட்டாள். வாசலைக் காட்டி, இரண்டு கையையும் விரித்து, என் முகத்தைப் பார்த்தாள். ஏதோ கேட்கிறாள். வெளியே போக வேண்டுமா என்று காட்டினேன். இல்லை என்றாள். பசிக்கிறதா? இல்லை. மறுபடி முதலிலிருந்து செய்தாள், இன்னும் நிதானமாக, நான்தான் சின்னப் பிள்ளை என்பது போல. அம்மாவைக் கேட்கிறாளோ என்று சேலையை எடுத்துக் காட்டினேன். கொஞ்சம் யோசித்து, அதுவும் இல்லை என்று தலையாட்டினாள். முத்துப்பேச்சியைக் கூப்பிட்டேன். பீர் மைதீனைக் கூப்பிட்டேன். "என்னமோ பெரிய விசயம் கேக்கா. எனக்கு எட்டலையே" என்றார் அவர். நாலைந்து தரம் செய்து காட்டினாள். பிறகு தரையில் ஓங்கி அடித்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அழுதாள். பயந்து அழுததை முன்னே பார்த்திருக்கிறேன். இது கோபம்.

அவளுக்கு ஒன்றும் விளங்காது என்று ஆறு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். விளங்காதவன் நான். சட்டைப் பையிலிருந்த உன் கடிதத்தை எடுத்துத் திரும்ப வாசித்தேன். மறுநாள் முதலாளியிடம் லீவு சொல்லி வண்டி பேசினேன்.

உன்னைக் கூட்டிப்போகாதது ஏன் என்று நீ கேட்பாய். நீ வந்தால் நான் உன்னிடம் விட்டுவிட்டுப் பாதி வழியில் திரும்பிவிடுவேன் என்று பயம். நானே கொண்டுபோய் விட வேண்டும் என்று தீர்மானித்தேன். சங்கரன்கோயில் தாண்டும்வரை அவள் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து, வழியில் வருகிற மாடு, மனுஷர், மரம் எல்லாவற்றையும் எனக்குச் செய்து காட்டிக்கொண்டே வந்தாள். அவளுக்கு ஊர் பார்க்கப் போகிற சந்தோஷம்.

பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்து முற்றத்தில் பெண்பிள்ளைகள் கூட்டமாக நின்றிருந்தார்கள். யார் வாயும் அசையவில்லை, எல்லார் கையும் அசைகிறது. ஒரு சத்தம் இல்லை, ஆனால் சந்தைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. கிருபை என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி பார்த்தாள். தன்னைப் போல இன்னொருத்தி உண்டு என்று அவளுக்கு அதுவரை யாரும் காட்டியதில்லையே. ஒரு உயரமான பெண் வந்து, அவள் முன்னால் உட்கார்ந்து, கையால் என்னவோ கேட்டாள். இவளுக்குப் புரியவில்லை. அந்தப் பெண் சலிக்காமல் இன்னொரு விதமாகக் கேட்டாள். இவள் சட்டென்று சிரித்து, பேழைக்குள் ஏறும் ஆடு மாதிரி செய்து காட்டினாள். அந்தப் பெண் யானை மாதிரி செய்தாள். பிறகு இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் பெட்டியோடு நின்றேன்.

தாழ்வாரம் வரைக்கும் போனவள் திரும்பி ஓடி வந்தாள். காலைக் கட்டிக்கொள்ளப்போகிறாள், இனி என்னால் முடியாது என்று நினைத்தேன். கட்டிக்கொள்ளவில்லை. எதிரே நின்று, என் நெஞ்சைத் தொட்டு, தன் காதைத் தொட்டு, வாசலைக் காட்டி, கையை விரித்தாள். அதே கேள்வி. தெரியவில்லை, பொறு என்று காட்டினேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

திரும்புகிற வழியில் வண்டியை இரண்டு தரம் நிறுத்தச் சொன்னேன். இரண்டு தரமும் இறங்காமல், ஓட்டு என்று சொல்லிவிட்டேன். வீடு நிசப்தமாக இருக்கிறது. அவள் பேசி ஒரு சத்தமும் இருந்ததில்லை, ஆனாலும் இப்போதுதான் நிசப்தமாக இருக்கிறது.

கிறிஸ்துமசுக்கு வருவாள். நீயும் வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போக வேண்டும். நான் வண்டி அனுப்புகிறேன். முத்துப்பேச்சியும் பீர் மைதீனும் இப்போதே நாளை எண்ணுகிறார்கள். அவள் வந்ததும் அந்தக் கேள்வியைக் கேட்பாள். இந்த முறை எனக்குப் புரிகிற மாதிரி கேட்பாள். அது அவள் அம்மா சாவைப் பற்றியதாக இருக்கலாம், நான் அவளைக் கட்டிப்போட்டதைப் பற்றியதாக இருக்கலாம், நான் கனவிலும் நினைக்காத வேறு ஒன்றாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் மழுப்பாமல், முகத்தைத் திருப்பாமல், உள்ளதை உள்ளபடி அவளுக்குச் சொல்லிவிடுவது என்று இருக்கிறேன்.

உன் அண்ணன்
தவசிமுத்து